மண்ணின் சாட்சியம்

வரலாறு சான்றின்மேல் நிற்பது. கல்வெட்டு, செப்பேடு, நாணயம், ஓலைச்சுவடி, பிறநாட்டார் எழுதிவைத்த குறிப்பு என்பன இல்லாதவிடத்து வரலாற்றாசிரியன் வாய் அடைபட்டுப் போகின்றது. எழுத்துத் தோன்றாத காலத்தை ஆராயப் புகுந்தோர் மட்கலத்தையும் கற்கருவியையும் துணைக்கொண்டனர். அதற்கும் முற்பட்ட காலத்தை ஆராய்வோர்க்கு எலும்பும் பல்லும் கல்லாய்ச் சமைந்த இலையுமே எஞ்சிய துணை. ஆயின், இவ்வுலகில் வாழ்ந்து மடிந்த உயிர்களுள் எலும்பை விட்டுச் சென்றவை மிகச் சில. அவ்வெலும்புகளுள் அழியாது நின்றவை அவற்றினும் சில. நின்றவற்றுள் ஆராய்ச்சியாளர் கைக்கு அகப்பட்டவையோ விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஆதலின், ஓரிடத்தில் ஒரு விலங்கின் எலும்பு கிடைக்கவில்லை என்பதும், அவ்விலங்கு அங்கு வாழவில்லை என்பதும் ஒன்றாகா. இவ்விரண்டிற்கும் இடையே கிடந்த பெருவெளியை நிரப்புதற்குப் புதியதொரு சான்று இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்து சேர்ந்தது. அது காலடியிற் கிடக்கும் மண்ணே.

உயிர்ப்பொருள் ஒவ்வொன்றின் கலத்தினுள்ளும் டி.என்.ஏ. எனப்படும் மரபுப்பொருள் உண்டு. அது நான்கு எழுத்துகளால் எழுதப்பட்ட நீண்டதொரு சுவடி போன்றது. அடெனின், தைமின், குவானின், சைற்றோசின் என்னும் நான்கும் மாறிமாறி அமையும் வரிசையே குதிரையைக் குதிரையாகவும் பனையைப் பனையாகவும் ஆக்குகின்றது. விலங்கு இறந்த பின்னர்தான் இம்மரபுப்பொருள் மண்ணைச் சேரும் என்பதில்லை. உதிரும் மயிர், உரியும் தோல், சாணம், சிறுநீர் ஆகியவற்றோடு அது நாள்தோறும் நிலத்திற் சிந்துகின்றது. மரஞ்செடிகள் வேரினாலும் உதிர்ந்த சருகினாலும் தம் மரபுப்பொருளை மண்ணுக்கு ஈந்துகொண்டேயிருக்கின்றன. ஒரு யானை தன் வாழ்நாளில் விட்டுச்செல்லும் எலும்புக்கூடு ஒன்றே. அது இட்ட சாணத்திற்கோ கணக்கில்லை. எலும்பைத் தேடுவோன் காணாத விலங்கை மண்ணைத் தேடுவோன் காண்பதன் காரணம் இதுவே.

மண்ணிலிருந்து பழைய சூழலை அறியும் முயற்சி முற்றிலும் புதியதன்று. சுவீடன் நாட்டுப் புவியியலறிஞர் லெனார்ட் வொன் போஸ்ட் என்பார், சதுப்புநிலப் படைகளில் அடங்கியுள்ள மகரந்தமணிகளை எண்ணி, எக்காலத்தில் எம்மரங்கள் ஓங்கின, எவை தேய்ந்தன என்று காட்டும் முறையை 1916-ஆம் ஆண்டிலே அறிஞர் அவையில் விளக்கினார். மகரந்தத்தின் புறத்தோடு மிக வலியது. பல்லாயிரம் ஆண்டு கழிந்தும் உருக்குலையாது. பண்டைக் காடுகளின் வரலாறு பெரும்பாலும் இம்முறையாலேயே எழுதப்பட்டது. ஆயினும் அதற்குக் குறைகள் இரண்டு உண்டு. காற்றினாற் பரவும் மகரந்தம் தொலைவிலிருந்தும் வந்து விழும். பூச்சிகளை நம்பி வாழும் செடிகளோ சிறிதளவு மகரந்தமே உண்டாக்கும். ஆகவே காற்றை நம்பியவை மிகுந்தும், பூச்சியை நம்பியவை குறைந்தும் தோன்றும். அன்றியும், விலங்குகளைப் பற்றி மகரந்தம் நேரே ஒன்றும் சொல்லாது.

மறுபுறத்தில், இறந்த உயிர்களின் டி.என்.ஏ.யை வாசிக்கும் கலை 1984-ஆம் ஆண்டிலே தொடங்கியது. தென்னாபிரிக்காவில் வாழ்ந்து, 1883-இல் முற்றாக அற்றுப்போன குவாகா என்னும் வரிக்குதிரையினத்தின் பாடஞ்செய்த தோலிலிருந்து மரபெழுத்தின் சிறு பகுதி அவ்வாண்டில் வாசிக்கப்பட்டது. அதன் பின்னர் எலும்பும் பல்லும் தோலும் ஆய்வுகூடங்களை அடைந்தன. மண்ணை மட்டும் எவரும் பொருட்படுத்தவில்லை. டென்மார்க்கின் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த எஸ்க்கே வில்லர்ஸ்லேவ் என்பவர், தெருவில் நாயொன்று மலங்கழிப்பதைச் சன்னலூடாகக் கண்டபோது, மழை அதனைக் கரைத்த பின்னரும் அந்நாயின் மரபுப்பொருள் மண்ணில் எஞ்சுமோ என்று எண்ணியதாகப் பிற்காலத்திற் கூறியுள்ளார். எளிய காட்சியில் எழுந்த அவ்வினா 2003-ஆம் ஆண்டிலே விடை பெற்றது. அவரும் அவரோடு உழைத்தோரும் சைபீரியாவின் என்றும் உறைந்த நிலத்திற் குடைந்தெடுத்த ஐந்து மண்தூண்களை ஆராய்ந்தனர். அவற்றின் வயது பதினாயிரம் ஆண்டு முதல் நான்கு இலட்சம் ஆண்டு வரை. கண்ணுக்குத் தெரியும் எலும்போ இலையோ இல்லாத அம்மண்ணிலிருந்து பத்தொன்பது வகைக்குக் குறையாத தாவரங்களும், மாமூத் என்னும் சடை யானை, காட்டெருமை, குதிரை ஆகிய விலங்குகளும் வெளிப்பட்டன. உறைபனி இல்லாத நியூசீலாந்துக் குகைமண்ணும் வாய்திறந்தது: அற்றுப்போன மோவா என்னும் பெரும்பறவையின் இரண்டு இனங்களும், மனிதர் அந்நாட்டில் அடிவைப்பதற்கு முன்னிருந்த இருபத்தொன்பது தாவர வகைகளும் அதிற் பதிந்திருந்தன.

மென்மையான இப்பொருள் இத்துணைக் காலம் மண்ணில் நிலைப்பது எவ்வாறு? உயிர் நீங்கியதும் டி.என்.ஏ. சிதையத் தொடங்குகின்றது. நீர் அதனை அறுக்கின்றது. நுண்ணுயிர்கள் அதனை உண்கின்றன. வெப்பம் இவ்விரண்டையும் விரைவுபடுத்துகின்றது. மோவாப் பறவையின் எலும்புகள் 158-ஐ ஆராய்ந்து 2012-ஆம் ஆண்டில் வெளியிட்ட கணிப்பொன்றின்படி, ஏறக்குறைய 13 பாகை செல்சியசு வெப்பநிலையில், குறித்ததொரு நீளமுள்ள துண்டுகளிற் பாதி 521 ஆண்டுகளில் அழிந்துவிடும். குளிர் மிகுமளவிற்கு அழிவு மந்தமாகும். மண்ணுக்கோ வேறொரு காப்பும் உண்டு. களிமண்ணின் நுண்துகள்கள் மின்னேற்றமுடையன. டி.என்.ஏ.யின் துண்டுகள் அத்துகள்களின் பரப்பிற் பற்றி ஒட்டிக்கொள்ளுமிடத்து, அவற்றைச் சிதைக்கும் நொதியங்கள் எளிதில் அணுகமாட்டா. துகளோடு துகளாய்ப் படிந்து, மேலே புதுமண் மூடி, குளிரும் இருளும் சூழ்ந்துவிட்டால், துண்டு துண்டாயினும் அம்மரபெழுத்து நெடுங்காலம் நிற்கும்.

அத்துண்டுகளை எடுத்து வாசிப்பது பொறுமை மிகுந்த தொழில். ஏரியின் அடிச்சேற்றிலோ குகைத்தரையிலோ உறைநிலத்திலோ நீண்ட குழாயை இறக்கி, படை குலையாமல் மண்தூணை எடுத்தல் வேண்டும். வெளிப்புறத்தைச் சீவி நீக்கி, மனிதக் கை படாத உள்மண்ணையே கொள்ளல் வேண்டும். தலை முதல் கால் வரை மூடிய உடையணிந்து, தனித்த தூய அறையில், அம்மண்ணிலிருந்து மரபுப்பொருளைப் பிரிப்பர். ஆய்வாளனின் மூச்சும் அவன் காலையில் உண்ட உணவுங்கூட அங்கு பொய்ச்சாட்சி ஆகிவிடக்கூடும். பிரித்தெடுத்த கோடிக்கணக்கான துண்டுகளை இயந்திரம் வாசிக்க, அறிந்த உயிர்களின் மரபெழுத்துகளோடு கணினி ஒப்புநோக்கி, இது பிர்ச்சு மரம், இது முயல் என்று இனங்காட்டும். மண்படையின் வயதைக் கதிரியக்கக் கரிமக் கணிப்பு முதலிய முறைகளாற் தனியே துணிவர்.

இச்சான்றால் வரலாறு பெற்ற பயனை விளக்க, நெடுங்காலமாக நடைபெறும் வழக்கொன்றை எடுத்துக்கொள்ளலாம். வடபுலத்தின் பனிநிலங்களில் மந்தை மந்தையாய்த் திரிந்த மாமூத்துகள் அழிந்தமைக்குப் பொறுப்பாளி யார் என்பதே அவ்வழக்கு. ஈட்டியேந்திய மனிதனே அவற்றைக் கொன்றொழித்தான் என்பது ஒரு சாரார் கூற்று. அமெரிக்க அறிஞர் போல் மார்ட்டின் 1960-களில் இக்கொள்கையை வலியுறுத்தினார். பனியூழி முடிந்து காலநிலை மாறியபோது மேய்ச்சல் நிலம் அழிந்தமையே காரணம் என்பது மறுசாரார் கூற்று. இது வெறும் விலங்கைப் பற்றிய வாதமன்று. மனித குலம் தான் கால்வைத்த இடமெல்லாம் உயிர்களைத் துடைத்தழித்ததா என்னும் பெரும்பழி அதில் அடங்கியுள்ளது. பழியைச் சுமத்துவதற்கும் நீக்குவதற்கும் முதலில் தெளியவேண்டியது காலம். இறுதி மாமூத்து இறந்தது எப்போது? அப்போது மனிதன் அங்கிருந்தானா? அன்று காலநிலை யாது?

அலாஸ்காவின் உட்பகுதியில் அதுவரை கிடைத்த எலும்புகளைக்கொண்டு, மாமூத்தும் காட்டுக்குதிரையும் 15,000 முதல் 13,000 ஆண்டுகளுக்கு முன்னரே அற்றுப்போயின என்று கணித்திருந்தனர். 2009-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, யூக்கோன் ஆற்றங்கரையில் ஸ்ரீவன்ஸ் விலேஜ் என்னுமிடத்து உறைமண்ணில் இவ்விரு விலங்குகளின் டி.என்.ஏ.யையும் கண்டது. அம்மண்படையின் வயது ஏறக்குறைய 10,500 ஆண்டு. எலும்பு நின்றுபோன பின்னரும் சில ஆயிரம் ஆண்டு அவை வாழ்ந்தன என்பதே இதன் பொருள். இதில் வியப்பில்லை. ஓரினம் பெருகியிருக்கும்போது எலும்பும் பெருகும். அருகி, ஆங்காங்கு சில மந்தைகளாய்ச் சுருங்கிய பின்னர் அவற்றுள் ஒன்றின் எலும்பு இன்றைய மனிதன் கையிற் படுவது அரிதினும் அரிது. மனிதன் வந்ததும் மாமூத்து உடனே மாய்ந்தது என்ற கூற்றுக்கு இதனால் இடர் நேர்ந்தது. இரண்டும் நெடுங்காலம் ஒரே நிலத்தில் வாழ்ந்திருத்தல் கூடும் எனத் தோன்றியது.

மேய்ச்சல் நிலத்தைப் பற்றிய எண்ணமும் திருத்தம் பெற்றது. பனியூழிக்கால வடபுலம் புல் நிறைந்த வெளி என்பதே மகரந்தத்தால் எழுந்த முடிபு. 2014-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், ஆர்க்டிக் பகுதியெங்கும் எடுத்த 242 மண் மாதிரிகள் ஐம்பதினாயிரம் ஆண்டுச் செடிவரலாற்றை வெளிப்படுத்தின. புல்லினும் மிகுந்திருந்தவை பூக்கும் சிறுசெடிகளே என்று அவை காட்டின. புல்லின் மகரந்தம் காற்றிற் பரவியதாலேயே அது மிகுந்து தோன்றியது. சத்து மிகுந்த அச்செடிகள் பனியூழிக்குப் பின்னர் குன்றி, ஈரநிலத்துப் புதர்கள் பரவின. பெருவிலங்குகளின் உணவு மாறியதற்கு இஃதொரு சான்று.

இவ்வழக்கில் மிகத் தெளிவான தீர்ப்பைத் தந்தது சென்ற் போல் என்னும் சிறு தீவு. அலாஸ்காவுக்கு மேற்கே பேரிங் கடலில் அமைந்த அதன் இன்றைய பரப்பு ஏறக்குறைய 110 சதுரக் கிலோமீற்றர். பனியூழியில் அது ஆசியாவையும் அமெரிக்காவையும் இணைத்த பெருநிலத்தின் பகுதியாயிருந்தது. பனி உருகிக் கடல்மட்டம் உயரவே, நிலம் நீரில் மூழ்கி, அங்கு மேய்ந்த மாமூத்துகள் தீவிற் சிறைப்பட்டன. அத்தீவிலுள்ள நன்னீர் ஏரியொன்றின் அடிச்சேற்றை ஆராய்ந்தோர் 2016-ஆம் ஆண்டிலே தம் முடிபை வெளியிட்டனர். சேற்றில் மாமூத்தின் டி.என்.ஏ. எப்படையில் நின்றுபோகின்றது என்று பார்த்தனர். சாணத்தில் வளரும் பங்கசு வகைகள் மூன்றின் வித்திகள் எப்படையில் அருகுகின்றன என்று எண்ணினர். தீவிற் கிடைத்த எலும்புகளின் வயதைத் தனியே கணித்தனர். ஒன்றையொன்று சாராத இச்சான்றுகள் ஐந்தும் ஒரே காலத்தைச் சுட்டின: இன்றைக்கு 5,600 ஆண்டுகளுக்கு முன்னர், நூறாண்டு முன்பின்னாக, அத்தீவின் மாமூத்துகள் மாய்ந்தன.

அக்காலத்தில் அங்கு மனிதன் இல்லை. 1787-ஆம் ஆண்டிற்கு முன்னர் அத்தீவில் மனிதர் இருந்ததற்கு எவ்வித அடையாளமும் கிடைத்ததில்லை. செடிகொடிகளிலும் பெருமாற்றம் ஏற்படவில்லை. பசியாலும் வேட்டையாலும் அவை அழியவில்லையாயின் காரணம் யாது? அதே ஏரிச்சேறு விடை கூறியது. 7,850 ஆண்டுகளுக்கு முன்னிருந்து 5,600 ஆண்டுகளுக்கு முன்வரை அவ்வேரி வற்றிச் சுருங்கி வந்தமையை நீர்வாழ் நுண்ணுயிர்களின் எச்சங்களும் ஒட்சிசன் சமதானிகளும் புலப்படுத்தின. காலநிலை வறண்டது, கடல் ஏறியதால் நிலம் குறைந்தது, குடிநீர் அருகியது. ஓரினம் தாகத்தால் மடிந்தது. நான்கு புறமும் கடல் சூழ, கிணற்று நன்னீரை நம்பி வாழும் தீவு மக்களுக்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆயின், ஒரு தீவிற் கிடைத்த விடுதலை உலகமெங்கும் செல்லாது. சென்ற் போல் தீவின் மாமூத்துகளை மனிதன் கொல்லவில்லை என்பது தெளிவு. பிறவிடங்களிலும் கொல்லவில்லை என்பது அதனாற் பெறப்படாது. நியூசீலாந்தின் மோவாப் பறவைகள் மனிதர் குடியேறிய சில தலைமுறைகளுக்குள் அழிந்தமை எலும்புச் சான்றாலேயே உறுதிப்பட்டது. மண் தரும் பாடம், ஒவ்வோரிடத்தின் வழக்கையும் அவ்வவ்விடத்துச் சான்றைக்கொண்டே தீர்க்கவேண்டும் என்பது. பொதுவிதி கூற விரைவோர்க்கு அது தடையிடுகின்றது.

சாட்சி கூறுவோனைக் குறுக்குவிசாரணை செய்யாது விடுதல் முறையன்று. மண்ணையும் அவ்வாறு விசாரித்தனர். 2021-ஆம் ஆண்டில், ஆர்க்டிக் பகுதியின் 535 மாதிரிகளை ஆராய்ந்த பெருங்குழுவொன்று, சைபீரியாவின் தைமீர் தீபகற்பத்தில் மாமூத்தின் டி.என்.ஏ. 3,900 ஆண்டு வயதுடைய படையிலும் காணப்படுகின்றது என்று அறிவித்தது. ராங்கல் என்னும் ஆர்க்டிக் தீவில் ஏறக்குறைய 4,000 ஆண்டுகளுக்கு முன்வரை மாமூத்துகள் வாழ்ந்தன என்பது எலும்புகளாற் பெறப்பட்ட உண்மை. எகிப்தியர் பெரும்பிரமிட்டை எழுப்பியபோதும் அவை அங்கிருந்தன. ஆயின் பெருநிலத்தில் அத்துணைப் பிற்காலத்தில் அவை வாழ்ந்தமைக்கு எலும்பு கிடைத்ததில்லை. 2022-ஆம் ஆண்டில் வேறு அறிஞர் இருவர் ஒரு தடையை எழுப்பினர். கடுங்குளிர் நாட்டில் இறந்த விலங்கின் எலும்பு மண்மேல் ஆயிரக்கணக்கான ஆண்டு அழியாது கிடத்தல் கூடும். அது மெல்ல மெல்லச் சிதைந்து புதுமண்ணோடு கலக்குமாயின், இறந்த விலங்கு வாழும் விலங்காகத் தோன்றும் என்பது அவர்தம் வாதம். முன்னையோர் தம் முடிபையே நிலைநாட்டி விடையிறுத்தனர். டி.என்.ஏ. மண்ணிற் சேர்ந்த காலமும் விலங்கு வாழ்ந்த காலமும் ஒன்றுதானா என்னும் வினா இத்துறைக்கு இதனால் இன்றியமையாததாயிற்று.

நீரால் நேரும் மயக்கமும் உண்டு. நியூசீலாந்துக் குகைகளை ஆராய்ந்தோர் 2007-ஆம் ஆண்டில், ஐரோப்பியர் வருகைக்கு முற்பட்ட மண்படையிற் செம்மறியாட்டின் டி.என்.ஏ.யைக் கண்டனர். ஐரோப்பியரே அந்நாட்டுக்கு ஆட்டைக் கொணர்ந்தவர். மேலே நின்ற மந்தையின் சிறுநீரோடும் மழைநீரோடும் அம்மரபுப்பொருள் கீழ்ப்படைக்கு ஊறி இறங்கியிருந்தது. மோவாவும் ஆடும் ஒரே படையிற் கிடந்தமையை அப்படியே நம்பியிருந்தால், ஒருகாலும் ஒருங்கு வாழாத இரண்டை ஒரே புல்வெளியில் மேயவிட்டிருப்பர். உறைந்த நிலத்தில் நீர் ஓடாது. அதனால் அங்கு இவ்வச்சம் குறைவு.

இவற்றினும் பெரிய சர்ச்சை இங்கிலாந்தின் தென்கரையில் எழுந்தது. வைற் தீவை அடுத்துள்ள போல்ட்னர் கிளிஃப் என்னும் இடம் இன்று கடல்மட்டத்திற்கு ஏறக்குறைய 11 மீற்றர் கீழே உள்ளது. கடலடியில் வளை தோண்டிய சிங்கி இறால் ஒன்று தீட்டிய கற்கருவிகளை வெளியே தள்ளியதை 1999-ஆம் ஆண்டிற் சுழியோடிகள் கண்டதனால், 8,000 ஆண்டுகளுக்கு முந்திய மனித உறைவிடமொன்று அங்கு அறியப்பட்டது. அவ்விடத்து மண்ணிற் கோதுமையின் டி.என்.ஏ. உண்டு என்று 2015-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு அறிவித்தது. பிரித்தானியப் பெருநிலத்தில் வேளாண்மை தொடங்கியது ஏறக்குறைய 6,000 ஆண்டுகளுக்கு முன்னரே என்பது தொல்லியலாளர் கருத்து. இரண்டாயிரம் ஆண்டு முன்னரே கோதுமை வந்திருப்பின், வேட்டையாடிய மக்கள் தொலைதூர உழவரோடு தொடர்பு கொண்டிருத்தல் வேண்டும். வரலாற்றின் ஓர் இயலையே மாற்றியெழுதவேண்டிய செய்தி அது.

அதே ஆண்டில் மறுப்பும் வந்தது. டி.என்.ஏ.க்கு வயதாகும்போது அதன் துண்டுகளின் நுனியிலுள்ள சைற்றோசின் எழுத்துச் சிதைந்து, வாசிக்குமிடத்துத் தைமின் போலத் தோன்றும். பழைய ஓலையின் ஓரம் செல்லரித்திருப்பதைக் கொண்டு அதன் பழமையைத் துணிவதுபோல, இச்சிதைவைக் கொண்டு மரபுப்பொருளின் பழமையைத் துணிவர். போல்ட்னர் கோதுமையில் 8,000 ஆண்டுப் பழமைக்கு ஏற்ற அச்சிதைவு காணப்படவில்லை. ஆதலின் அது பிற்காலத்துக் கலப்பாதல் வேண்டும் என்று மறுத்தோர் கூறினர். குளிர்ந்த கடலடியிற் சிதைவு மந்தமாகவே நிகழும் என்று முன்னையோர் வாதிட்டனர். கோதுமை மணியோ மகரந்தமோ அம்மண்படையிற் காணப்படாமையும் ஐயத்தை வளர்த்தது. ஒரே சான்று நின்று தாங்கும் முடிபு எத்துணை வியத்தகு முடிபாயினும் அது ஐயத்திற்குரியது. சென்ற் போல் தீவின் முடிபு உறுதியாய் நிற்பதன் காரணம் ஐந்து சான்றுகள் அதனைத் தாங்குவதே.

இவ்வையங்களால் இத்துறை வீழ்ந்துவிடவில்லை. அவற்றாலேயே அது வளர்ந்தது. மனிதக் கலப்பிற்கு மிகவும் இடந்தரக்கூடிய ஆய்வு மனித இனத்தைப் பற்றியதே. அதனையும் செல்லரித்த ஓரத்தைக் கொண்டு பிரித்தறியலாம் என்று யேர்மனியின் லைப்சிக் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் பரிணாம மானிடவியல் நிறுவகத்தார் காட்டினர். ஸ்பெயின், பெல்ஜியம், உருசியா ஆகிய நாடுகளின் நான்கு குகைகளில், எலும்பே இல்லாத மண்ணிலிருந்தும் நியாண்டர்தால் மனிதரின் டி.என்.ஏ.யை அவர்கள் 2017-ஆம் ஆண்டில் வெளிக்கொணர்ந்தனர். தெனிசோவா மனிதர் என்னும் மற்றோர் இனத்தின் சுவடும் உருசியக் குகையின் மண்ணில் இருந்தது. திபெத்திய மேட்டுநிலத்தில் 3,280 மீற்றர் உயரத்தில் அமைந்த பைஷியா குகை பௌத்தர் வழிபடும் புனிதத்தலம். அங்கு 1980-ஆம் ஆண்டில் துறவியொருவர் கண்டெடுத்த தாடையெலும்பு தெனிசோவா இனத்தது என்று 2019-இல் அறியப்பட்டது. அவ்வெலும்பில் டி.என்.ஏ. எஞ்சவில்லை. மறுவருடம் அக்குகையின் மண்ணே அவ்வினத்தின் மரபெழுத்தை அளித்து, அவர்கள் அங்கு ஏறக்குறைய ஒரு இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னும் அறுபதினாயிரம் ஆண்டுகளுக்கு முன்னும் உறைந்தமையை உறுதிசெய்தது. எலும்பு மௌனமான இடத்தில் மண் பேசியது.

இதுவரை கிடைத்தவற்றுள் நெடுந்தொலைவு சென்ற சாட்சியம் கிறீன்லாந்தின் வடகோடியிலிருந்து வந்தது. அங்கே காப் கோபன்ஹேகன் என்னும் இடத்திற் பண்டைய ஆற்றுமுகத்து மண்படைகள் உள்ளன. இன்று அந்நிலம் மரமொன்றும் இல்லாத பனிப்பாலை. அங்கு எடுத்த மண்ணிலிருந்து மரபெழுத்தைப் பிரிக்கப் பலகாலும் முயன்று தோற்ற ஆய்வாளர், முறைகள் திருந்திய பின்னர், 41 மாதிரிகளிலிருந்து பெற்ற முடிபை 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்டனர். அம்மண்ணின் வயது ஏறக்குறைய இருபது இலட்சம் ஆண்டு. அதற்குமுன் வாசிக்கப்பட்டவற்றுள் மிகப் பழையது, பத்து இலட்சம் ஆண்டைக் கடந்த சைபீரிய மாமூத்துப் பல்லின் டி.என்.ஏ. ஆகும். காப் கோபன்ஹேகன் மண்ணிலிருந்து ஒரு காடே எழுந்தது. பொப்லார், பிர்ச்சு, தூயா மரங்களும், கலைமான், முயல், கொறிவிலங்கு, வாத்தினப் பறவைகளும், யானையின் உறவினமாகிய மாஸ்ரடனும் அதில் வாழ்ந்தன. மாஸ்ரடன் கிறீன்லாந்தில் வாழ்ந்தது என்று அதற்குமுன் எவரும் கனவிலும் கருதியதில்லை. அருகிலிருந்த கடலில் குதிரைலாட நண்டு இருந்தமை, நீர் இன்றையதினும் வெப்பமாயிருந்ததைக் காட்டுகின்றது. அன்றைய வெப்பநிலை இன்றையதைவிட 11 முதல் 19 பாகை செல்சியசு மிகுந்திருந்தது என்பது ஆய்வாளர் கணிப்பு. குளிர்நாட்டு உயிர்களும் மிதவெப்ப நாட்டு உயிர்களும் அங்கு கலந்து வாழ்ந்தன. அத்தகைய காடு இன்று உலகில் எங்கும் இல்லை. வெப்பம் மிகும் உலகில் வடபுலம் எவ்வாறு மாறும் என்று வினாவுவோர், இன்றுள்ள காடொன்றைச் சுட்டி விடை கூறமுடியாது என்பதை இம்மண் அறிவிக்கின்றது.

இத்துணைச் சிறப்பும் பெரும்பாலும் குளிர்நாடுகளுக்கே வாய்த்தது. இலங்கை போன்ற வெப்பநாடுகளின் ஈரமும் வெயிலும் மரபுப்பொருளை விரைவிற் கரைத்துவிடுகின்றன. ஹோட்டன் சமவெளியின் முற்றாநிலக்கரிப் படையிலிருந்து ஏறக்குறைய 24,000 ஆண்டுகளின் காலநிலை வரலாற்றை ஆராய்ந்தோர்க்கு, 2003-ஆம் ஆண்டிலும் மகரந்தமே துணையாயிற்று. பனிநிலத்திற் புதுச்சான்று பெருக, வெப்பநிலத்து வரலாறு எழுதப்படாது பின்தங்குமாயின், உலக வரலாறு ஒருபக்கம் சாய்ந்த வரலாறாகிவிடும். வெப்பநாடுகளின் ஏரிச்சேற்றையும் குகைத்தரையையும் படை குலையாது பேணிவைப்பது அதற்குச் செய்யக்கூடிய முதற் பணி. இன்றைய முறைகளால் வாசிக்கமுடியாததை நாளைய முறைகள் வாசித்தல் கூடும். காப் கோபன்ஹேகன் மண் பலகால் காத்திருந்தே பேசியது. வெட்டிக் குலைத்து அள்ளிச்சென்ற மண்ணோ இனி எக்காலத்தும் பேசாது.

மண்ணின் சாட்சியம் பழைய சான்றுகளைத் தள்ளிவிட்டு அரியணை ஏறவில்லை. எலும்பும் மகரந்தமும் வித்தியும் அதனோடு சேர்ந்து நிற்குமிடத்து அது அசைக்கமுடியாதது. தனித்து நிற்குமிடத்து ஐயத்திற்குரியது. கல்வெட்டை வாசிப்போன், இதனைப் பொறித்தவன் யார், எப்போது பொறித்தான், பிற்காலத்தார் இடைச்செருகினரா என்று வினாவுகின்றான். மண்ணை வாசிப்போனும் இது எப்போது படிந்தது, நீர் கொணர்ந்ததா, கைபட்டுக் கலந்ததா என்று அதே வினாக்களையே எழுப்புகின்றான். கருவி புதிது, வரலாற்றாசிரியனின் கடமை பழையது. மாமூத்தைக் கொன்ற பழியை மனிதன்மேற் சுமத்துவதாயினும் நீக்குவதாயினும், ஒவ்வொரு தீவையும் ஒவ்வோர் ஆற்றங்கரையையும் தனித்தனியே கேட்டறிந்து, எல்லாச் சான்றும் ஒத்துரைத்த பின்னரே தீர்ப்புக் கூறல் வேண்டும்.